வண்டிக்குள் ஒரு வீடு

(உரைநடைப் பாடமும் பயிற்சியும்)

நுழையும்முன்

மாணவர்களே, ஒரு செயலை முறைப்பட விளக்கும் உரைநடை கதையினின்றும் கட்டுரையினின்றும் வேறுபட்டது. ஏன் செய்கிறோம், எதற்குப்பின் எதைச் செய்கிறோம், தவறினால் என்ன நேரும் என்னும் மூன்றும் அதில் தெளிவாக அமைதல் வேண்டும். அவ்வகை உரைநடைக்கு எடுத்துக்காட்டாக இப்பாடம் அமைகின்றது. இதில் வரும் பொருள்கள் பலவற்றின் பெயர்களை நீங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ முன்னரே அறிந்திருப்பீர்கள். அவற்றைத் தமிழில் சொல்லிப் பழகுங்கள். வேன், பம்பு, பியூஸ், பேட்டரி முதலியன நம் வீடுகளில் வழங்குமாறே இங்கு ஆளப்பட்டுள்ளன.

பாடம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், ஜெர்மனியிலிருந்த ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையில் விந்தையான வண்டியொன்று ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரப் பாகங்களை ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்திற்கு எடுத்துச் செல்வதற்காக, காரின் அடிச்சட்டத்தின்மேல் தட்டையான மேடை ஒன்றைப் பொருத்தி, தொழிற்சாலையினரே கூட்டியமைத்த வண்டி அது. நெதர்லாந்து நாட்டு வணிகர் பென் பான் அதனைக் கண்டார். 1947ஆம் ஆண்டு தம் குறிப்பேட்டில் பெட்டி போன்ற வேன் ஒன்றின் கோட்டுருவை வரைந்தார். அக்கோட்டுரு 1950இல் உண்மையான வண்டியாகி விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் ஜெர்மானிய நிறுவனம் அவ்வண்டிக்குள் வைக்கத்தக்க மரப்பெட்டித் தொகுதி ஒன்றைச் செய்தது. அதனை வேண்டும்போது உள்ளே வைக்கலாம். வேண்டாதபோது வெளியே எடுத்துவிடலாம். வார நாள்களில் சரக்கேற்றிய வேன், விடுமுறை நாளில் படுக்கையும் அலமாரியும் கொண்ட சிறு வீடாயிற்று. கேம்பர் வேன் எனப்படும் வீட்டுவண்டி இவ்வாறு பரவலாயிற்று. ஒருவர் தம் தேவைக்காக ஒட்டுப்போட்டுச் செய்த மாற்றமே அதன் பிறப்புக்குக் காரணம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இன்றும் ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பழைய சரக்கு வேனை விலைக்கு வாங்கித் தம் கைகளாலேயே வீட்டுவண்டியாக மாற்றுவோர் பலர் உள்ளனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வீட்டுவண்டிக்கு இலக்கணமே வகுத்துள்ளது. இருக்கையும் மேசையும், படுக்கை வசதி, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். அவை வண்டியோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். மேசையை மட்டும் கழற்றத்தக்கதாக வைத்துக்கொள்ளலாம். 'உறுதியாக' என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஓடும் வண்டி திடீரென நிற்கும்போது உள்ளிருக்கும் பிணைக்கப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். நிலைமம் பற்றி அறிவியல் வகுப்பிற் படித்தீர்கள் அன்றோ? திருகாணி போடாத அலமாரிக்கும் அவ்விதி பொருந்தும்.

பலகை அறுக்கத் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அது கூட்டல் கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் எடை, ஏற்றப்படும் எடை இரண்டையும் சேர்த்து ஒரு மேல்வரம்பு உண்டு. ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமம் உடையோர் ஓட்டத்தக்க வண்டிக்கு அவ்வரம்பு நெடுங்காலமாக 3,500 கிலோகிராம். வெறும் வேன் 2,100 கிலோ எனக் கொள்வோம். மிச்சம் 1,400 கிலோ. நால்வர் அமர்ந்தால் 280. கட்டிலும் அலமாரியும் தரைப்பலகையும் சேர்ந்து 350. நூறு லிட்டர் நீர் நூறு கிலோ. பேட்டரிகளும் சூரிய மின்தகடும் கம்பிகளும் 90. குளிர்பெட்டி, அடுப்பு, எரிவாயு உருளை 80. துணி, பாத்திரம், உணவுப்பொருள் 150. பின்புறம் தொங்கும் மிதிவண்டிகள் இரண்டு 30. ஆக 1,080 கிலோ ஆயிற்று. எஞ்சுவது 320 மட்டுமே. இக்கணக்கைப் போடாமல் தடித்த பலகைகளால் அழகாக வேலை செய்துவிட்டுப் பின்னர் எடைமேடையில் ஏற்றித் திகைப்போர் உண்டு. பெற்றோரின் பணிமாற்றத்தால் வீட்டுப் பொருள்களை லாரியிலேற்றி மாநிலம் விட்டு மாநிலம் வந்த உங்களுக்கு எடையின் அருமையைத் தனியே கூற வேண்டுவதில்லை.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. பூங்காவில் உள்ள ஏற்ற இறக்கப் பலகையை எண்ணிப் பாருங்கள். பின்னச்சுக்கு அப்பால் நீர்த்தொட்டியையும் மிதிவண்டியையும் வைத்தால், வண்டியின் பின்பகுதி தாழ்ந்து முன்சக்கரங்கள் தரையைப் பற்றும் வலிமை குறையும். திருப்பும்போது வண்டி சொன்னபடி கேளாது. ஆகவே நீர்த்தொட்டி, பேட்டரி போன்ற கனமான பொருள்களை இரு அச்சுகளுக்கும் இடையே, தரையோடு தாழ்வாக, இடமும் வலமும் ஒத்த எடையாக அமைப்பர். மேல் அலமாரியில் துணி, போர்வை போன்ற இலகுவானவையே இடம்பெறும்.

அடுத்தது சுவர். வேனின் உடல் மெல்லிய இரும்புத் தகடு. வெயிலில் விரைவில் சூடேறும்; பனியில் விரைவில் குளிரும். இரவில் உள்ளே உறங்குவோரின் மூச்சிலிருந்து வெளிப்படும் நீராவி, குளிர்ந்த தகட்டிற் பட்டுத் துளிகளாகும். குளிர்ந்த நீருள்ள குவளையின் புறத்தே துளிகள் அரும்புவதும் இவ்வாறே. அத்துளிகள் பலகைக்குப் பின்னால் வழிந்து தேங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். சில ஆண்டுகள் சென்றபின் பலகையைக் கழற்றிப் பார்த்தால்தான் கேடு புலனாகும். எனவே தகட்டோடு ஒட்டும் நுரைத்தாளை இடைவெளியின்றிப் பதித்து வெப்பக்காப்புச் செய்வர். அதன்பின்னரே பலகையால் மூடுவர். வெப்பக்காப்பு எவ்வளவு நன்றாக இருப்பினும் காற்றோட்டமின்றிப் பயனில்லை. ஈரக் காற்று மேலே வெளியேறக் கூரையில் ஒரு சாளரமும், புதுக்காற்று நுழையத் தாழ்வில் ஒரு வழியும் வேண்டும்.

கூரையில் துளையிடுதல் பலரும் அஞ்சும் வேலை. பெரும்பாலான கூரைச் சாளரங்கள் நாற்பது சென்டிமீட்டர்ச் சதுரமானவை. கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின்மேல் அறுவை படாதவாறு இடம் தேர்ந்து, இருமுறை அளந்து குறியிட்டு அறுக்க வேண்டும். அறுத்த விளிம்பில் துருத்தடுப்பு வண்ணம் பூசி உலர்ந்தபின்னரே சாளரத்தைப் பொருத்த வேண்டும். விளிம்புக்கு வண்ணம் பூசும் அரைமணி நேர வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டால், அங்குத் தொடங்கும் துரு கூரையையே அரித்துவிடும்.

இவ்விடத்தில் நம் பழைய வழக்கம் ஒன்றை நினைத்தல் தகும். சங்ககாலத்தில் உப்பு வணிகராகிய உமணர், மாடுகள் பூட்டிய வண்டிகளில் குடும்பத்தோடு நெடுந்தொலைவு சென்றனர். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் உதவுமென்று மற்றொரு அச்சை வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் அதனைக் குறிப்பிடுகின்றார். மின்னாற்றலைச் சேர்த்துவைக்கும் பேட்டரியை இயற்பியல் பாடநூல்கள் சேமக்கலம் என்கின்றன. இரண்டிலும் உள்ள 'சேமம்' ஒன்றே.

வீட்டுவண்டிக்கும் அத்தகைய சேம ஏற்பாடு தேவை. வண்டியை உயிர்ப்பிக்கும் பேட்டரியிலேயே விளக்கும் விசிறியும் இணைத்தால், காலையில் சாவியைத் திருப்பும்போது இயந்திரம் இயங்காது. ஆளரவமற்ற இடத்தில் குடும்பம் சிக்கிக்கொள்ளும். ஆகவே வீட்டுப் பயன்பாட்டுக்குத் தனியே இரண்டாம் பேட்டரி ஒன்றை அமைப்பர். வண்டி ஓடும்போது இரண்டும் மின்னேற்றம் பெறும். நின்றபின் இடையிலுள்ள கருவி அவற்றைப் பிரித்துவிடும்.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? கடைக்காரரைக் கேட்குமுன் நாமே கணக்கிடலாம். மூன்று வாட் விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 60 வாட்-மணி. இருபது வாட் விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 160. நாற்பத்தைந்து வாட் குளிர்பெட்டி நாள் முழுதும் இணைப்பில் இருந்தாலும் விட்டுவிட்டுத்தான் இயங்கும்; எட்டு மணி நேரம் எனக் கொண்டால் 360. கைப்பேசிகளுக்கு 60. நீர்ப்பம்புக்கு 10. ஒருநாள் தேவை 650 வாட்-மணி ஆகின்றது. பன்னிரண்டு வோல்ட், நூறு ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 12 × 100 = 1,200 வாட்-மணி. ஆனால் காரீய அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் அடிக்கடி வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே கையாளத்தக்கது 600 மட்டுமே. தேவைக்கு 50 குறைகின்றது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாயின் எண்பது விழுக்காடு, அதாவது 960 வரை பயன்படுத்தலாம். எடையும் குறைவு, விலை மிகுதி. கூரையில் இருநூறு வாட் சூரிய மின்தகடு பொருத்தி, நல்ல வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் 800. இழப்பாகக் கால் பங்கைக் கழித்தால் 600 கிட்டும். மழைநாளில் இக்கணக்கு பொய்த்துவிடும். அப்போது பேட்டரியைப் பெரிதாக்குவதைவிடத் தேவையைச் சுருக்குவதே சிறந்தது என்பது என் கருத்து. குளிர்பெட்டியின்றிப் பயணம் செய்த தலைமுறைகள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள்.

மின்கம்பி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தீ பிறக்கும் இடம் அதுவே. வீட்டில் 230 வோல்ட் மின்சாரத்தில் 1,200 வாட் கெட்டில் ஒன்று ஏறத்தாழ ஐந்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதே ஆற்றலைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து பெற வேண்டுமாயின் நூறு ஆம்பியர் ஓட வேண்டும். மெல்லிய கம்பியில் அவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தால் கம்பியே அடுப்பாகும். ஆதலின் மின்னோட்டத்திற்கேற்ற பருமனுள்ள கம்பியைத் தேர்ந்தெடுத்து, பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் பியூஸ் பொருத்த வேண்டும். பியூஸ் விளக்கையோ விசிறியையோ காப்பதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். அது காப்பது கம்பியை. கம்பி தாங்கக்கூடிய அளவைவிடப் பெரிய பியூஸைப் போட்டால், உருகவேண்டியது உருகாது, எரியக்கூடாதது எரியும்.

வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கம்பியும் வண்டிக்கு ஆகாது. ஓடும் வண்டி ஓயாமல் அதிர்வதால் அது வளைந்து வளைந்து முறியும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த கம்பியே ஏற்றது. தகட்டிலுள்ள துளை வழியாகக் கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இட வேண்டும். இல்லையேல் தகட்டின் கூர்விளிம்பு அதிர்வுதோறும் கம்பியின் மேலுறையை உரசி, ஒருநாள் செம்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும். சில ரூபாய் பெறும் வளையம் அது.

நீர் ஏற்பாடு எளிது. குடிநீருக்கு ஏற்ற தொட்டி ஒன்று, சிறு பம்பு ஒன்று, கழுவிய நீரைச் சேர்க்க மற்றொரு தொட்டி. அக்கழிவுநீரைச் சாலையோரத்தில் திறந்துவிடுதல் தகாது. உரிய இடத்திலேயே கொட்ட வேண்டும்.

இனி, இப்பாடத்தில் மிகவும் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையிற் படிந்து தேங்கும். ஆகவே கூரைச் சாளரம் திறந்திருந்தாலும் அது வெளியேறிவிடாது. எரிவாயு உருளையை உட்புறத்திலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்ட தனிப்பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டியின் அடியில் வெளிப்புறம் நோக்கித் துளை விடுவர். கசிவை நாம் உணர்வதற்காகவே எரிவாயுவோடு நாற்றமுள்ள பொருளைக் கலந்து விற்கின்றனர்.

எரிவாயுவினும் கொடியது ஒன்று உண்டு. போதிய காற்றின்றி எரிவாயுவோ கரியோ விறகோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வளி உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு அதனைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றும்; பயணக் களைப்பு என்றே எண்ணுவோம். உறங்குபவருக்கு அவ்வறிகுறிகளும் தெரியா. உறக்கத்திலேயே உயிர் பிரியும்.

இது தொலைநாட்டுச் செய்தியன்று. வட மாநிலங்களில் வாழும் உங்களுக்கு அங்கீட்டி தெரியும். கரியிட்டு மூட்டும் அக்கணப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியோர் இறந்த செய்தி குளிர்காலந்தோறும் நாளிதழ்களில் வருகின்றது. கதவு சாத்திய அறைக்கும் கதவு சாத்திய வேனுக்கும் இதில் வேறுபாடில்லை. வேன் சிறியது, ஆகவே இடர் இன்னும் விரைவில் நேரும். குளிர் போக்கச் சமையல் அடுப்பை எரியவிடுதலும், வெளியே சமைத்த கரியடுப்பைத் தணல் அடங்கிவிட்டதென்று எண்ணி உள்ளே எடுத்து வைத்தலும் ஒருபோதும் கூடா. சாம்பல் பூத்த தணலும் அவ்வளியை உமிழும்.

குளிர்நாடுகளில் வீட்டுவண்டிக்கென்றே செய்யப்பட்ட டீசல் கணப்பைப் பொருத்துகின்றனர். எரிவதற்கு வேண்டிய காற்றை அது வண்டிக்கு வெளியிலிருந்து இழுக்கும். புகையைத் தரைக்கு அடியிலுள்ள குழாய் வழியே வெளியே விடும். உள்ளறைக் காற்று சூடான உலோகத்தின்மேல் பட்டுத் திரும்புமேயன்றித் தீயோடு கலக்காது. அவ்வாறு அமைத்தபின்னும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை உறங்குமிடத்தில் வைத்து, அதன் பொத்தானை அழுத்தி அவ்வப்போது சோதிப்பர். கருவி ஒலித்தால் ஏனென்று ஆராய்ந்துகொண்டு உள்ளே இருத்தல் கூடாது. அனைவரும் உடனே வெளியேறித் திறந்த காற்றுக்கு வர வேண்டும். தலைவலியோ மயக்கமோ உள்ளவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாமே கம்பி இழுத்து, தாமே பலகை அறுத்துச் செய்வோரும் எரிவாயு இணைப்பைத் தேர்ச்சி பெற்றவரிடம் ஒப்படைப்பர். அதுவே அறிவுடைமை.

நம் நாட்டிலும் இவ்வாறு செய்யலாமா என்று வகுப்பில் ஒருவரேனும் கேட்பீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதற்குத் தடை விதிக்கின்றது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெறாமல் வேனின் உடலை அறுத்தலோ இருக்கைகளை மாற்றியமைத்தலோ ஆகாது. ஒப்புதல் பெற்ற வீட்டுவண்டிகள் இங்கும் ஓடுகின்றன. கேரள அரசு 2021இல் சுற்றுலாவுக்கென்றே 'கேரவன் கேரளா' திட்டத்தைத் தொடங்கியது.

சொற்பொருள்

நிலைமம் – நிற்பதோ ஓடுவதோ தன் நிலையிலேயே தொடரும் பொருளின் இயல்பு
கோட்டுரு – கோடுகளால் வரைந்த வடிவம்
சேமம் – பாதுகாப்பு, காவல்
உமணர் – உப்பு வணிகர்
கணப்பு – குளிர்காயும் தீ
தணல் – கனன்றுகொண்டிருக்கும் கரி
வளி – காற்று, வாயு

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. வெஸ்ட்ஃபாலியா செய்த மரப்பெட்டித் தொகுதி யாருக்குப் பயன்பட்டிருக்கும்? ஏன்?
2. நீர்த்தொட்டியைப் பின்னச்சுக்கு அப்பால் வைத்தால் நேர்வது யாது?
3. கூரைச் சாளரம் திறந்திருக்கிறது. ஆகவே எரிவாயு கசிந்தாலும் அச்சமில்லை என்கிறான் ஒருவன். அவனுக்கு நீங்கள் கூறும் மறுமொழி யாது?
4. கம்பி தாங்குவது 15 ஆம்பியர். பொருத்திய பியூஸ் 40 ஆம்பியர். இதனால் விளையும் கேட்டைப் பாடத்தைக் கொண்டு விளக்குக.

ஆ. கணக்கிடுக.

பாடத்திற் கூறிய குடும்பம் குளிர்பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றது. மழையால் சூரிய மின்னாற்றல் கிடைக்கவில்லை. வண்டியும் நின்றே இருக்கின்றது. காரீய அமிலப் பேட்டரியின் 600 வாட்-மணி எத்தனை நாளுக்குப் போதும்? கணக்கின் படிகளைத் தமிழ்த் தொடர்களாக எழுதுக.

இ. பிரித்து எழுதுக.

நீர்த்தொட்டி, வெப்பக்காப்பு, பின்னச்சு, அவ்வளி, காற்றோட்டம்

ஈ. பேச்சுவழக்கை எழுத்துவழக்காக மாற்றுக.

1. அங்கீட்டிய உள்ள வச்சுட்டுத் தூங்காதீங்க.
2. ஒயர் உரசி உரசி ஒருநாள் ஷார்ட் ஆயிடும்.
3. எடை எவ்ளோ வருதுன்னு மொதல்ல பாத்துடலாம்.

உ. கடிதம் எழுதுக.

ஊரிலிருக்கும் தாத்தாவும் பாட்டியும் குளிர்காலத்தில் உங்கள் வீட்டிற்கு முதன்முறையாக வருகின்றனர். இரவில் குளிர் தாங்காமல் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்ள அவர்கள் விரும்பக்கூடும். அது ஏன் கூடாது என்பதை, அவர்கள் அச்சங்கொள்ளாமலும் அதே வேளையில் உறுதியாக ஏற்றுக்கொள்ளுமாறும் விளக்கிப் பத்து வரிகளில் கடிதம் எழுதுக. கார்பன் மோனாக்சைடு என்னும் பெயரை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். எனவே அதனை அவர்களுக்குப் புரியும் சொற்களால் விளக்குக. கடிதத்தை வகுப்பில் உரக்கப் படித்தபின் அஞ்சலில் சேர்க்கவும்.